ஜெனரேட்டர் ஆயில் குடிக்கிறதா? சிலிண்டர் போர் கண்ணாடி பிடித்ததைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். 62.5 கேவிஏ டீசல் ஜெனரேட்டர், நாலு சிலிண்டர், டர்போ வைத்தது. 2012இல் பகலும் இரவுமாகக் கரண்ட் போய்க்கொண்டிருந்த சமயத்தில் வாங்கியது. மணி மீட்டர் இன்னும் 900ஐத் தொடவில்லை. ஆனால் 40 மணி நேர ஓட்டத்துக்கு 3 லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது என்று கூப்பிட்டார்கள். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வருத்தத்தோடு சொன்னார்: "வாரம் தவறாம ஸ்டார்ட் பண்ணி கால் மணி நேரம் சும்மா ஓட்டி வெச்சுட்டுத்தானுங்க இருக்கறேன். லோடே குடுக்கறதில்லீங்க. அப்புறம் எப்படிங்க இப்படி ஆகும்?"

லோடு கொடுக்காததால்தான் ஆனது. அவருக்கு அதைப் புரியவைக்க அரை மணி நேரம் பிடித்தது. மண்டபம், அடுக்குமாடிக் குடியிருப்பு, சின்ன மருத்துவமனை என்று எங்கே போனாலும் இதே கதையைப் பார்க்கிறேன். அதனால், என்ன அறிகுறி தெரிந்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்று வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது

சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்தான் லைனர். அதன் உட்பக்கத்தைத்தான் போர் என்கிறோம். அந்த உள்சுவர் வழவழப்பாக இருக்கக் கூடாது. ஹோனிங் செய்யும்போது, அதாவது கல்லால் சுவரைத் தேய்த்தெடுக்கும்போது, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போடுகிறார்கள். அந்தக் கீறல்களில்தான் ஆயில் தங்கும், அந்த ஆயிலின் மேல்தான் பிஸ்டனைச் சுற்றி மாட்டிய ரிங் ஓடும். ரிங்கின் சொந்த விறைப்பு மட்டும் அதைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கப் போதாது. எரியும் வாயு பிஸ்டன் பள்ளத்துக்குள் புகுந்து ரிங்கின் முதுகைத் தள்ளும்போதுதான் ரிங் சுவரில் சரியாக உட்காரும். லோடு இல்லையென்றால் சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் குறைவு. ரிங் தளர்ந்து ஓடுகிறது. அதன் ஓரமாக வாயு கீழே கசிந்து, சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைத் தீய்க்கிறது. பாதி எரிந்த டீசலும் அதோடு சேர்ந்துகொள்கிறது. தீய்ந்தது வார்னிஷ் அடித்த மாதிரி கீறல்களுக்குள் படிந்து கெட்டியாகி, பள்ளங்களை நிரப்பிவிடுகிறது. போர் கண்ணாடி பிடித்துவிட்டது என்று பட்டறையில் சொல்வது இதைத்தான்.

இதே பெயரில் இன்னொரு கோளாறும் உண்டு. பிஸ்டனின் தலைப்பகுதியில், முதல் ரிங்குக்கு மேலே, கரி கெட்டியாகப் படிந்து அது சுவரைத் தேய்த்துத் தேய்த்துக் கீறல்களையே அழித்துவிடும். முதலாவதில் கீறல் மூடிக்கிடக்கிறது. இரண்டாவதில் கீறலே இல்லை. கண்ணுக்கு இரண்டும் பளபளப்புத்தான், வைத்தியம் மட்டும் வேறு வேறு. பிரித்துப் பார்ப்பது எப்படி என்று பின்னால் வருகிறேன்.

சைலென்சரில் கறுப்பாக எண்ணெய் வடிகிறது

பெரும்பாலும் முதலில் தெரிவது இதுதான். சைலென்சர் இணைப்பில், டர்போவின் அடியில், புகைக்குழாய் முனையில் தார் மாதிரிக் கறுப்பாக வடிந்திருக்கும். சுவரில் தெறித்த கறை இருக்கும். மேனிபோல்டு கேஸ்கெட் போய்விட்டது என்று பலர் கேஸ்கெட்டை மாற்றுவார்கள். பத்து நாளில் மறுபடி வடியும்.

எந்த நட்டையும் கழற்றுவதற்கு முன், கம்பியைக் கவ்வி ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டரை எடுங்கள். மண்டபத்தில் விசேஷம் நடக்கும்போது மூன்று பேஸிலும் ஆம்பியர் பாருங்கள். 62.5 கேவிஏ, 415 வோல்ட் என்றால் முழு லோடு ஒரு பேஸுக்குச் சுமார் 87 ஆம்பியர். அதில் 30 சதவீதம் 26 ஆம்பியர். நீண்ட நேரம் ஓடும்போது அதற்குக் கீழே போக விடக் கூடாது என்பதுதான் டீசல் ஜெனரேட்டர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. இந்த மண்டபத்தில் நான் பார்த்தது 10 ஆம்பியர். வாங்கின காலத்தில் ட்யூப் லைட்டும் ஹாலஜனும் இருந்தன. பிறகு எல்லாவற்றையும் எல்இடி ஆக்கினார்கள், ஏசியை ஜெனரேட்டர் இணைப்பிலிருந்து பிரித்துவிட்டார்கள். லோடு இறங்கிக்கொண்டே போனதை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்து டர்போவா, சிலிண்டரா என்று பிரிக்க வேண்டும். லோடு இல்லாமல் ஓடும் டர்போவும் சீல் வழியாக ஆயில் கசிய விடும். எக்ஸாஸ்ட் மேனிபோல்டைக் கழற்றி, ஹெட்டில் உள்ள நாலு துவாரங்களையும் பாருங்கள். துவாரங்கள் உலர்ந்து, டர்போவின் கூட்டுக்குள் மட்டும் ஈரம் என்றால் டர்போ. துவாரங்களே ஈரமாக இருந்தால் அது சிலிண்டருக்குள்ளிருந்து வருவது. அதிலும் ஒரே ஒரு துவாரம் மட்டும் நனைந்திருந்தால் முதலில் அந்தச் சிலிண்டரில் டீசலைப் பீய்ச்சும் நாசிலைச் சோதியுங்கள். சொட்டும் நாசில் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிட்டு அந்தப் போரை மட்டும் கெடுத்துவைக்கும்.

ஈரம் இருக்கிறது, ஆனால் ஆயில் அளவு பெரிதாகக் குறையவில்லை, பேக் கம்ப்ரஷனும் (ரிங்கைத் தாண்டி வாயு கீழே இறங்குவது) இல்லை என்றால் கோளாறு இன்னும் தொடக்கத்தில்தான் இருக்கிறது. எஞ்சினைப் பிரிக்காமலே லோடு கொடுத்து மீட்கலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

ஆயில் குறைகிறது, வெளியே ஒழுகல் இல்லை

"ரொம்ப சாப்பிடுது" என்ற பேச்சு உதவாது. கணக்கு வேண்டும். எரிந்த டீசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள எஞ்சின் டீசலில் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ஆயில் எடுக்கும். ஒரு சதவீதத்தைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். மண்டபத்து எஞ்சின் அந்தக் குறைந்த லோடில் மணிக்கு 4 லிட்டர் டீசல்தான் எடுத்தது. 40 மணி நேரத்துக்கு 160 லிட்டர். அதற்கு 3 லிட்டர் ஆயில் என்றால் ஏறக்குறைய 2 சதவீதம்.

ஆயில் குச்சியைப் பார்க்கும் நேரம் முக்கியம். நிறுத்தின உடனே பார்த்தால் மேலே போன ஆயில் சட்டிக்கு இறங்கியிருக்காது. குறைவு என்று நினைத்து ஊற்றிவிடுவார்கள். அளவுக்கு மேல் ஊற்றினால் கிராங்க் அதில் அடித்து ஆயிலை பிரீதர் (எஞ்சினின் மூச்சுக்குழாய்) வழியாக வெளியேற்றும், மறுபடி குறையும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு நல்ல எஞ்சினைப் பிரித்தவர்கள் உண்டு. இரவு முழுக்க நின்ற எஞ்சினில், காலையில், சமதரையில் பாருங்கள்.

பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது

எஞ்சின் சூடான பின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாக அந்த வாயின் மேலேயே வையுங்கள். மெல்ல அதிர்ந்தால் பரவாயில்லை. குதித்து விழுந்தால் ரிங்கைத் தாண்டி வாயு இறங்குகிறது. இன்னும் துல்லியமாக வேண்டுமானால், உள்ளே இருப்பது வெளியே தெரியும் ப்ளாஸ்டிக் குழாயை யூ வடிவில் வளைத்துப் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஆயில் குச்சித் துளையில் காற்றுப் போகாமல் பொருத்துங்கள். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் எத்தனை மி.மீ. வித்தியாசம் என்று எழுதி வையுங்கள். எஞ்சின் புதிதாக இருக்கும்போதே ஒருமுறை இதை அளந்து குறித்து வைத்திருந்தால் பின்னால் அது விலைமதிப்பில்லாத குறிப்பு. அளப்பதற்கு முன் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். குளவி கூடு கட்டி அடைத்த பிரீதரை நானே எடுத்திருக்கிறேன்.

கம்ப்ரஷன் கேஜை மட்டும் நம்ப வேண்டாம் என்பேன். கண்ணாடி பிடித்த போரில் சுவர் முழுக்க ஆயில் ஈரம் நிற்பதால், அந்த ஈரமே ரிங்கைச் சுற்றி அடைத்துக்கொண்டு கேஜில் நல்ல அளவைக் காட்டிவிடும். கேஜ் நன்றாக இருக்கிறது, ஆனால் ஆயிலும் குறைகிறது, மூடியும் குதிக்கிறது என்றால் எனக்குச் சந்தேகம் முதலில் போர் மேல்தான் போகும். கேஜில் அளவு குறைந்திருந்தால் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங்கும் போரும், ஏறாவிட்டால் வால்வு. டீஸ்பூனுக்கு மேல் விடாதீர்கள். டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கு மேல் இருக்கும் இடமே கொஞ்சம்தான், அதிக ஆயில் அந்த இடத்தை அடைத்துப் பொய்யான அளவைக் காட்டும்.

காலையில் ஸ்டார்ட் ஆக அடம், ஆனதும் நீல வெள்ளைப் புகை

இதற்குக் காரணங்கள் பல: பேட்டரி, ஏர் லாக், நாசில், வால்வு. அவற்றை முதலில் முடியுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் நம் ஊரில் கட்டாயம் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட் இருக்கிறதா? எஞ்சின் சூடாகிறது என்று ஒருமுறை புகார் வந்ததும் அதைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிடும் பழக்கம் இங்கே வெகு காலமாக இருக்கிறது. அது இல்லாமல் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றும். 80 டிகிரிக்கு மேல் வேலை செய்ய வேண்டிய எஞ்சின், குறைந்த லோடில் 50 டிகிரியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். குளிர்ந்த சுவரில் டீசல் முழுதாக எரியாது. போர் கண்ணாடி பிடிப்பதற்கு இதைவிட நல்ல சூழல் வேண்டியதில்லை. சூடாகிறதென்றால் ரேடியேட்டரைச் சுத்தம் செய்யுங்கள், பெல்ட்டைப் பாருங்கள், தண்ணீர் பம்பைப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டைத் தொடாதீர்கள். கழற்றியிருந்தால் புதிது வாங்கிப் போடுங்கள்.

புது செட் கட்டியும் ஆயில் அடிக்கிறது

ஜெனரேட்டர் சொந்தக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் சண்டை வருவது இங்கேதான். லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதிது. நூறு மணி நேரம் ஆகியும் ஆயில் நிற்கவில்லை. சாமான் போலி என்பார்கள், லேத்துப் பட்டறை சரியில்லை என்பார்கள். நான் முதலில் கேட்பது, கட்டின பிறகு முதல் இரண்டு நாள் எப்படி ஓட்டினீர்கள் என்பதைத்தான்.

புது எஞ்சினை மெதுவாக, லோடு இல்லாமல், நாள் முழுக்க ஓட விட்டால் பழகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நானும் தொழில் பழகிய காலத்தில் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். அது தவறு. புது ரிங்கும் புதுக் கீறலும் ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்துவதற்குக் கிடைப்பது முதல் சில மணி நேரங்கள்தான். அந்த நேரத்தில் ரிங்கின் பின்னால் அழுத்தம் இருக்க வேண்டும். அழுத்தம் இல்லாமல் ஓடினால் பொருந்துவதற்கு முன்பே கீறல்கள் வார்னிஷால் மூடிவிடும். அப்புறம் அந்த ரிங் பொருந்தவே பொருந்தாது. தொடக்கத்திலேயே விலை உயர்ந்த சிந்தடிக் ஆயில் ஊற்றுவதும் அந்தத் தேய்மானத்தைத் தடுத்துவிடும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

பிரிக்காமல் லோடு கொடுத்து மீட்பது

முதலில் ஏர் கிளீனர், நாசில், தெர்மோஸ்டாட் மூன்றையும் சரி செய்துகொள்ளுங்கள். அவை கெட்டிருந்தால் லோடு கொடுத்துப் பயனில்லை. லோடு பேங்க் (லோடு கொடுப்பதற்கென்றே உள்ள கருவி) வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் மண்டபத்து ஏசி, தண்ணீர் மோட்டார், கீசர், கிரைண்டர் எல்லாவற்றையும் மூன்று பேஸிலும் சமமாகப் பிரித்துப் போடுங்கள். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் தகடு இறக்கி லோடு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மண்டபம் மாதிரி ஆள் நடமாடும் இடத்தில் அதை நான் அனுமதிக்க மாட்டேன்.

25 சதவீதத்தில் தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை ஏற்றி, 75 முதல் 80 சதவீதத்துக்குக் கொண்டுபோய் மூன்று நாலு மணி நேரம் நிறுத்துங்கள். முதல் ஒரு மணி நேரம் புகை பயமுறுத்தும். சைலென்சருக்குள் தேங்கியிருந்த ஆயிலெல்லாம் எரிகிறது. குழாய் முனையிலிருந்து தீப்பொறியோடு கரித்துண்டுகள் விழலாம், உள்ளே தீப்பிடிக்கவும் கூடும். பந்தல் துணி, கீற்று, காய்ந்த இலை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. தீயணைப்புக் கருவியோடு ஒரு ஆள் அங்கேயே நிற்க வேண்டும். புகை தெளிந்த பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். அடுத்த 15 மணி நேரம் நல்ல லோடில் ஓட்டி ஆயில் கணக்கை மறுபடி எடுங்கள். குறைந்திருந்தால் பிழைத்தது. குறையவில்லை என்றால் படலம் கெட்டியாகிவிட்டது. ஹெட்டை இறக்கத்தான் வேண்டும்.

காற்றுக் குழாய் வழியாகப் பாத்திரம் துலக்கும் தூளை உள்ளே இழுக்க விட்டால் கண்ணாடி போய்விடும் என்று ஒரு பழைய வைத்தியம் பட்டறைகளில் உலவுகிறது. அந்தத் தூள் போரோடு நிற்காது. ரிங் பள்ளம், வால்வு கைடு, டர்போ, பேரிங் என்று எல்லா இடத்துக்கும் போகும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

திறந்து பார்க்கும்போது

ஹெட்டை இறக்குவதற்கு முன் போனில் மாட்டும் கேமரா ஒன்றை நாசில் துளை வழியாக விட்டுப் பாருங்கள். தலை 5.5 மி.மீ. உள்ளது பெரும்பாலும் நுழைந்துவிடும். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மண்டபத்து எஞ்சினில் மூன்றாவது சிலிண்டரில் நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சுவர் முழுக்கத் தேன் நிறம், கேமராவின் வெளிச்சம் அப்படியே திருப்பி அடித்தது. பின்னால் பிஸ்டனை எடுத்துப் பார்த்தபோது, ரிங் போகாத அடிப்பகுதியில் மட்டும் ஹோனிங் கோடுகள் நேற்றுப் போட்ட மாதிரி இருந்தன.

ஹெட் இறங்கியதும், பாத்திரம் துலக்கும் பச்சை நாரில் கொஞ்சம் டீசல் தொட்டு, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு இடத்தை அழுத்தித் தேயுங்கள். நிறம் போய் அடியில் பழைய கோடுகள் தெரிந்தால் வெறும் படலம், ஹோனிங்கும் புது ரிங்கும் போதும். கோடே தெரியாமல் வெள்ளிப் பளபளப்பு மட்டும் இருந்தால் கரி தேய்த்த போர். அங்கே போரின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் வைத்து, முதல் ரிங் திரும்பும் இடத்திலும் அடியிலும், இரண்டு திசையிலும் அளந்து, தயாரிப்பாளர் புத்தகத்தில் உள்ள எல்லையோடு ஒப்பிட வேண்டும். தாண்டியிருந்தால் லைனர் மாற்றம்தான். பளபளப்பே இல்லாமல் மங்கின சாம்பல் நிறமும் நெடுக்குக் கோடுகளும் தெரிந்தால் அது தூசி தின்ற எஞ்சின். ஏர் கிளீனர் குழாயில் எங்கோ ஓட்டை இருக்கிறது, அதை அடைக்காமல் செட் கட்டினால் பணம் வீண்.

ஹோனிங், கழுவல்

உருண்டை உருண்டையாகக் கல் வைத்த பிரஷ் மாதிரியான ஹோன்தான் இந்த வேலைக்கு ஏற்றது. அது வடிவத்தை மாற்றாது, படலத்தை மட்டும் எடுத்துக் கோடு போடும். கிராங்கைக் கழற்றிவிட்டுச் செய்வது உத்தமம். ட்ரில்லை மெதுவான வேகத்தில் வைத்து, எண்ணெய் விட்டுக்கொண்டே, கையை நிறுத்தாமல் மேலும் கீழும் ஓட்டுங்கள். கோடுகள் ஒன்றையொன்று சுமார் 45 டிகிரியில் வெட்டிக்கொள்ள வேண்டும். கை மெதுவாகப் போனால் கோடு படுத்துக்கொள்ளும், வேகமாகப் போனால் நிமிர்ந்துகொள்ளும். ஒரு போருக்கு அரை நிமிடம் போதும். உப்புத்தாளைக் கையில் சுற்றித் தேய்ப்பது ஹோனிங் ஆகாது.

நிறையப் பேர் கோட்டை விடுவது கழுவுவதில். டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவினால் கல்தூள் கீறலுக்குள்ளேயே இருக்கும். சுடுதண்ணீர், சோப்புத்தூள், நைலான் பிரஷ், இவைதான் வேண்டும். கழுவித் துடைத்து, ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் சுவரைத் துடையுங்கள். பனியன் வேஸ்டில் வெள்ளையாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், கலர் துணியில் தெரியாது. துணியில் சாம்பல் நிறம் வந்தால் மறுபடி கழுவுங்கள். மண்டபத்து எஞ்சினில் இரண்டாவது சிலிண்டர் ஐந்தாவது முறைதான் வெள்ளை காட்டியது. காய்ந்ததும் உடனே ஆயில் பூசுங்கள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் துரு ஏறிவிடும்.

ரிங்கைப் போடுவதற்கு முன் பிஸ்டன் பள்ளங்களிலும் தலைப்பகுதியிலும் உள்ள கரியை முழுதாக எடுக்க வேண்டும். ரிங் வாய் இடைவெளியை அந்தந்தப் போரிலேயே வைத்து அளக்க வேண்டும். மற்றதெல்லாம் புத்தகப்படி.

பழக்கி எடுப்பது

புத்தகத்தில் சொன்ன தரத்தில் சாதாரண மினரல் 15டபிள்யூ-40 ஆயில் போதும். ஸ்டார்ட் செய்து ஆயில் பிரஷரும் ஒழுகலும் பார்க்க ஐந்து நிமிடம். அதற்கு மேல் வெறுமனே ஓட விடாதீர்கள். 25 சதவீதத்தில் கால் மணி, 50இல் ஒரு மணி நேரம், பிறகு 75. முதல் 20 மணி நேரமும் 50க்கும் 80க்கும் இடையே மாற்றி மாற்றி ஓட்டுங்கள். 50 மணி நேரத்தில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றம்.

வாராவாரம் வெறுமனே ஓட்டும் பழக்கத்துக்குப் பதில், மாதம் ஒருமுறை குறைந்தது 30 சதவீத லோடில் அரை மணி நேரம் ஓட்டினால் போதும். அமெரிக்காவில் அவசர ஜெனரேட்டர்களுக்கான என்எஃப்பிஏ 110 விதி கேட்பதும் அதே மாதம் ஒருமுறை, 30 சதவீதம், 30 நிமிடம்தான். புதிதாக வாங்குகிறவர்கள் இன்றைய லோடை அளந்துவிட்டு வாங்குங்கள். "பின்னால் தேவைப்படும்" என்று இரட்டிப்பாக வாங்கினால் போர்தான் கெடும்.

மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்து ஏசியையும் தண்ணீர் மோட்டாரையும் ஜெனரேட்டர் பக்கம் மாற்றிக் கொடுத்தோம். இப்போது விசேஷ நாளில் 35 ஆம்பியருக்கு மேல் நிற்கிறது. பெரியவர் ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி, மணி, ஆம்பியர், டீசல், ஆயில் என்று ஐந்து கட்டம் போட்டு எழுதி வருகிறார். போன முறை ஆயில் மாற்றப் போனபோது அந்த நோட்டைத்தான் முதலில் நீட்டினார். ஆயில் கட்டத்தில் 60 மணி நேரத்துக்கு அரை லிட்டர் என்று இருந்தது.